தொலைக்காட்சியில் தோன்றினால் செயலி பரவுமா?

கேள்வி: நானும் என் கணவரும் பாலக்கோட்டில் இருந்துகொண்டு, தக்காளி விலையைத் தினமும் காலையில் தெரிவிக்கும் செயலி ஒன்றை நடத்துகிறோம். என் மாமனார் தக்காளி பயிரிடுபவர். விலை தெரியாமல் அவர் பலமுறை நட்டப்பட்டதைப் பார்த்துத்தான் இதைத் தொடங்கினோம். பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டிகளுக்குப் போன் செய்து விலையைக் கேட்டு நானே பதிவிடுகிறேன். 2 ஆண்டுகள் ஆகியும் 3,000 பேருக்கு மேல் சேரவில்லை. தொலைக்காட்சி ஒருங்கிணைப்பாளர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், 85,000 ரூபாய் கட்டினால் 20 நிமிட நேர்காணல் ஒளிபரப்பாகும் என்கிறார். உள்ளூர் கேபிளில் விளம்பரம் போடச் சொல்கிறார்கள் உறவினர்கள். புத்தொழில் போட்டி நிகழ்ச்சிக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறார் கணவர். நகையை அடகு வைத்தாவது டி.வி.யில் வந்துவிடலாமா? வந்தால் எங்களில் யார் பேசுவது? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாலக்கோடு.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். நகையை அடகு வைக்க வேண்டாம். உங்கள் கேள்விகளில் மிக அவசரமானது அது என்பதால் முதலில் அதற்கு விடை சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன். பணம் பெற்றுக்கொண்டு ஒளிபரப்பப்படும் நேர்காணல், எந்தப் பெயரில் வந்தாலும் விளம்பரமே. விளம்பரமானது நிகழ்ச்சியிலிருந்து தெளிவாகப் பிரித்தறியும்படி இருக்க வேண்டும் என்று 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகள் சொல்கின்றன. தவறான எண்ணத்தை உண்டாக்கும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே, ‘விளம்பரதாரர் நிகழ்ச்சி’ என்ற குறிப்போடு உங்கள் நேர்காணல் வந்தால் பார்ப்பவர் ரிமோட்டை எடுத்துவிடுவார். குறிப்பு இல்லாமல் வந்தால், உங்களை நம்பிப் பார்த்த விவசாயியிடம் ஓர் உண்மையை மறைத்தவராக நீங்கள் நிற்க நேரும். விலையை நேர்மையாகச் சொல்வதற்கென்றே தொடங்கிய ஒரு செயலிக்கு அது பொருந்தாத தொடக்கம். மேலும், உங்களிடம் பேசியவர் உண்மையிலேயே அந்த நிறுவனத்தின் ஊழியர்தானா என்பதை அந்தத் தொலைக்காட்சியின் விளம்பரப் பிரிவுக்கே தொலைபேசியில் பேசி உறுதிசெய்துகொள்ளுங்கள். தனிநபரின் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் பேச்சை அத்தோடு முடித்துவிடலாம்.

இனி, தொலைக்காட்சியால் ஒரு செயலிக்கு என்ன பயன் என்பதைப் பார்ப்போம். பயன் உண்டு, ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் அது இல்லை. டி.வி. பார்ப்பவர் கையில் போனும் இருக்கிறது என்பது உண்மைதான். பிக் பாஸ் தமிழுக்கு ஹாட்ஸ்டார் செயலியில் வாக்களித்துப் பழகிய வீடுகள் நம் பக்கத்திலும் ஏராளம். எனினும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கிராம வீடுகளில் நான் தொடர்ந்து கவனித்து வருவது வேறொன்று: நிகழ்ச்சியைப் பார்ப்பவர் ஒருவர், செயலியைப் போனில் இறக்குபவர் இன்னொருவர். இரவு உணவு நேரத்தில் தாய் பார்க்கிறார். மறுநாள் கல்லூரிக்குப் போகும் மகளிடமோ, ஓசூரில் வேலை செய்யும் மகனிடம் போனிலோ சொல்கிறார். அந்தப் பிள்ளைதான் பிளே ஸ்டோரில் தேடித் தந்தையின் போனில் பதிவிறக்கித் தருகிறது. இந்தச் சங்கிலியில் உங்கள் முகமும், நிகழ்ச்சியின் பின்னணி இசையும், நீங்கள் 20 நிமிடம் விளக்கிய சிறப்பம்சங்களும் எங்கும் வருவதில்லை. வாய்வழியாகப் போய்ச் சேர்வது ஒரே ஒரு வாக்கியமும் ஒரு பெயரும்தான். அவை இரண்டும் சிதையாமல் அடுத்தவரிடம் போய்ச் சேர்ந்தால் 2 நிமிடத் தோற்றமே போதும். சேராவிட்டால் 20 நிமிடமும் வீண். தொலைக்காட்சிக்காக நீங்கள் செய்யும் ஒவ்வொரு ஏற்பாட்டையும் இந்த ஓர் அளவுகோலால் அளந்து பாருங்கள்.

அந்த வாக்கியம், பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் இன்று காலை தக்காளி என்ன விலைக்குப் போனது என்பதை வண்டி ஏற்றும் முன்பே தெரிந்துகொள்ளலாம் என்பதாக இருக்கலாம். ‘விவசாயிகளுக்கான ஒருங்கிணைந்த எண்ணியல் சந்தைத் தளம்’ என்று உங்கள் மடலில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள்; அதை ஒரு தாய் மகனிடம் திரும்பச் சொல்ல மாட்டார். அடுத்தது பெயர். உங்கள் செயலிக்கு மூன்று ஆங்கிலச் சொற்களை வெட்டி ஒட்டி ஒரு பெயர் வைத்திருக்கிறீர்கள். கண்ணால் படிக்க அது அழகாகவே இருக்கிறது. காதால் ஒருமுறை கேட்டவர் அதை எப்படித் தட்டச்சு செய்வார் என்பதுதான் கவலை. பத்தாம் வகுப்புப் படிக்கும் மாணவர் சிலரிடம் பெயரை ஒரே ஒருமுறை வாயால் சொல்லி, பிளே ஸ்டோரில் தேடச் சொல்லுங்கள். பாதிப் பேர் வேறெங்கோ போய் நின்றால், தொலைக்காட்சிக்குப் போகும் முன்பே பெயரை மாற்றிவிடுவது நல்லது. பிளே ஸ்டோரில் தலைப்புக்கு 30 எழுத்துகள்தான் இடம். அதில் பெயரோடு ‘தக்காளி விலை’ என்ற சொற்களும் தமிழிலேயே இடம்பெறட்டும். பெயரை மறந்தவரும் பயனைச் சொல்லித் தேடி உங்களை அடைய அது உதவும். அதிலேயே ‘இலவசம்’, ‘முதலிடம்’ போன்ற சொற்களைச் சேர்க்கக் கூகுளின் விதிகள் அனுமதிப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

எந்த வாசல் வழியாகத் தொலைக்காட்சிக்குள் போவது? உங்கள் கையில் இருக்கும் திறவுகோலை நீங்களே கவனிக்கவில்லை என்று தோன்றுகிறது. 2 ஆண்டுகளாக நாள்தோறும் பதிவிட்ட விலைகள் உங்களிடம் இருக்கின்றன. தக்காளி என்பது ஆண்டில் சில நாட்கள் தலைப்புச் செய்தியாகிவிடும் பயிர். 2023 ஜூலையில் விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, தமிழக அரசு நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. அந்த வாரங்களில் செய்திச் சேனல்கள் சந்தைகளிலேயே கிடந்தன. விலை அடிமட்டத்துக்கு விழுந்து, பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டுபடியாகாமல் தோட்டத்திலேயே பழத்தை விட்டுவிடும் நாட்களிலும் அதே கேமராக்கள் வருகின்றன. அப்போது மாவட்டச் செய்தியாளருக்குத் தேவைப்படுவது, சென்ற மாதம் என்ன விலை, சென்ற ஆண்டு இதே வாரம் என்ன விலை, எந்த நாளில் சரியத் தொடங்கியது என்று எண்களோடு சொல்லக்கூடிய ஒருவர். பெரும்பாலும் அவருக்குக் கிடைப்பவர், வேதனையை மட்டும் சொல்லக்கூடிய விவசாயி. நீங்கள் இரண்டையும் சொல்லக்கூடியவர்.

ஆகவே இன்றே செய்ய வேண்டியது, தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள மாவட்டச் செய்தியாளர்களைத் தெரிந்துகொண்டு, வாரம் ஒருமுறை அரைப் பக்க அளவில் விலை நிலவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவருவதுதான். செயலியை விளம்பரப்படுத்தும் வரி அதில் ஒன்றுகூட வேண்டாம். அடியில் உங்கள் பெயரும் செயலியின் பெயரும் இருந்தால் போதும். பல வாரங்கள் எந்தப் பதிலும் வராமல் போகலாம். விலை ஏறும் நாளிலோ விழும் நாளிலோ அவர்களே உங்களை அழைப்பார்கள். அன்று கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடப் பேட்டிதான்; அதற்குள் செயலியைப் பற்றி நீங்கள் பேசத் தொடங்கினால் வெட்டிவிடுவார்கள். ஆனால் பேசுபவர் யார் என்று திரையின் அடியில் ஒரு பட்டை வரும் அல்லவா, அதில் உங்கள் பெயருக்குக் கீழே செயலியின் பெயரைத் தமிழில், சரியான எழுத்துக் கூட்டலோடு போடும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். பேட்டி தருபவரின் அடையாளத்தைக் குறிப்பிடுவது செய்தியாளரின் வழக்கமான கடமை என்பதால், நியாயமான இந்த வேண்டுகோளை மறுக்க மாட்டார்கள். 85,000 ரூபாய் கொடுத்தாலும் கிடைக்காத நம்பகத்தன்மை அந்தப் பட்டைக்கு உண்டு.

பேசும்போது ஒன்றில் மிகுந்த எச்சரிக்கை தேவை. விலை விழுந்த நாளில் நெறியாளர் ஒரு குற்றவாளியைத் தேடுவார். இடைத்தரகர்கள்தானே விவசாயியைச் சுரண்டுகிறார்கள் என்று கேள்வியிலேயே பதிலை வைத்துக் கேட்பார். தினமும் காலையில் உங்களுக்கு விலை சொல்பவர்கள் அதே மண்டிக்காரர்கள்தான். ஒரு கோபமான வாக்கியம் இரவுச் செய்தியில் வந்துவிட்டால், மறுநாள் உங்கள் போனை யாரும் எடுக்கமாட்டார்கள். செயலியில் போடுவதற்கு விலையே இருக்காது. வரத்து கூடியதா, கர்நாடகத் தக்காளி வந்து சேர்ந்ததா, மழையில் பழம் கெட்டதா என்று உங்கள் பதிவுகள் காட்டும் காரணத்தை மட்டும் சொல்லுங்கள். தெரியாத காரணத்தை ஊகித்துச் சொல்ல வேண்டாம். உங்கள் செயலியால் வருமானம் இத்தனை மடங்கு உயரும் என்பது போன்ற வாக்குறுதியும் கூடாது.

இன்னொரு கேள்வியும் கட்டாயம் வரும்: அரசின் உழவன் செயலி 2018 முதல் இருக்கிறதே, அதிலும் சந்தை விலை வருகிறதே, பிறகு நீங்கள் எதற்கு? இதற்குத் தயங்காமலும் அரசுச் செயலியைக் குறைத்துப் பேசாமலும் பதில் சொல்லத் தயாராக இருங்கள். உழவன் செயலி மானியம், விதை இருப்பு, இயந்திர வாடகை என்று விவசாயியின் பல தேவைகளுக்கானது. உங்களுடையது இரண்டு சந்தைகளின் ஒரே பயிரை அன்று காலையிலேயே, தரவாரியாகச் சொல்வது. அந்தத் தரவாரி விவரத்தில்தான் உங்கள் மதிப்பு இருக்கிறது. முதல் தரத்துக்கு என்ன விலை, சிறு பழத்துக்கு என்ன விலை, கூடைக்கா கிலோவுக்கா, எத்தனை மணி நிலவரம் என்பவை திரையில் தெளிவாக இல்லையென்றால், தொலைக்காட்சியைப் பார்த்து வந்தவர் முதல் நாளே ஒரு தவறான எண்ணை நம்பி வண்டி ஏற்றிவிடுவார். அந்த நட்டத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. இப்போது உங்கள் செயலியில் விலைக்கு அருகே நேரம் காட்டப்படவில்லை என்பதைப் பார்த்தேன். எதற்கும் முன்னால் அதைச் சரிசெய்துவிடுங்கள்.

செய்திக்கு அடுத்த வாசல் வேளாண்மை நிகழ்ச்சிகள். தில்லியைச் சுற்றியுள்ள 80 கிராமங்களுக்காக 1967 ஜனவரி 26 அன்று தூர்தர்ஷன் தொடங்கிய கிருஷி தர்ஷன் முதல், நம் வீடுகளில் பார்த்துப் பழகிய வயலும் வாழ்வும், மக்கள் தொலைக்காட்சியின் மலரும் பூமி வரை, விவசாயியிடம் விவசாயியே பேசும் ஒரு நீண்ட மரபு இருக்கிறது. பொதிகை என்று நாம் அழைத்துவந்த அலைவரிசை 2024 ஜனவரியிலிருந்து டி.டி. தமிழ் என்ற பெயரில் வருகிறது. இத்தகைய நிகழ்ச்சிகளின் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் வழியாகவும் வேளாண்மைத் துறை வழியாகவுமே ஆட்களைத் தேடுவார்கள். உங்களுக்கு அருகிலேயே பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அங்குள்ள தோட்டக்கலை வல்லுநரிடம் உங்கள் பதிவேட்டைக் காட்டுங்கள். எந்த மாதத்தில் நட்டால் அறுவடை எந்த விலையில் போய் விழுகிறது என்பதை 2 ஆண்டுத் தரவோடு அவரும் நீங்களும் சேர்ந்து விளக்கும் அரைமணி நேர நிகழ்ச்சி, எந்தத் தயாரிப்பாளருக்கும் பயன்படும் பொருள். தருமபுரி வானொலி நிலையத்தையும் விட்டுவிடாதீர்கள். தொலைக்காட்சியைத்தான் கேட்டீர்கள் என்றாலும், தோட்டத்தில் வேலை செய்துகொண்டே கேட்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். நேயர் முன் பேசிப் பழகவும் அது நல்ல இடம்.

உங்கள் கணவர் சொல்லும் போட்டி நிகழ்ச்சியைப் பற்றி. புதுத் தொழில் நடத்துபவர்கள் முதலீட்டாளர்கள் முன் நின்று, பங்கு தந்து முதலீடு கேட்கும் ஷார்க் டேங்க் இந்தியா 2021 டிசம்பரில் தொடங்கியபின் இந்த வகை நிகழ்ச்சிகள் மீது பெரும் ஆர்வம் எழுந்தது. 2025இல் விஜய் தொலைக்காட்சியில் ஸ்டார்ட்அப் சிங்கம் வந்ததும் அது தமிழிலும் பரவியது. ஒரு செயலிக்கு இவற்றால் நன்மை கிடைத்ததற்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவில் உண்டு. மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகையைத் தேடித் தரும் ஸ்காலி என்ற செயலியோடு 2015இல் அந்நாட்டு ஷார்க் டேங்க் மேடைக்கு வந்த கிறிஸ்டோபர் கிரே, 15 சதவீதப் பங்குக்கு 40,000 டாலர் முதலீடு பெற்றார்; 2023இல் சாலி மே என்ற கல்விக்கடன் நிறுவனம் அச்செயலியை வாங்கியது. வறுமையில் வளர்ந்து, தாமே உதவித்தொகைகளைத் தேடிப் பெற்றுப் படித்தவர் கிரே. அவருடைய செயலி என்ன செய்யும் என்பதை ஒரே வாக்கியத்தில் எவரும் இன்னொருவருக்குச் சொல்லிவிட முடியும். இவை இரண்டும் உங்களுக்கும் வாய்த்திருக்கின்றன. உங்கள் மாமனாரின் அனுபவத்தை எந்தப் பூச்சும் இல்லாமல் சொன்னாலே கேட்பவர்களுக்குப் புரியும்.

ஆனால் இப்போது விண்ணப்பிக்காதீர்கள் என்பதே என் கருத்து. முதலீட்டாளர்கள் கேட்கும் முதல் கேள்வி வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதாக இருக்கும். உங்கள் மடலில் அதற்கு விடை இல்லை. விவசாயியிடம் கட்டணம் வாங்க விருப்பமில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணத்தை மதிக்கிறேன். நாற்றங்கால்கள், சொட்டுநீர்க் கருவி விற்பவர்கள், லாரி வாடகைக்காரர்கள் ஆகியோரிடமிருந்து விளம்பர வருவாய் பெற முடியுமா என்று ஓராண்டு முயன்று பார்த்துவிட்டு, கையில் கணக்கோடு போவதுதான் சரி. மேடையில் ஒப்புக்கொள்ளப்படும் முதலீடு, பின்னர் கணக்குகளைச் சரிபார்த்த பிறகே கைக்கு வரும், வராமலும் போவதுண்டு. பங்கு எத்தனை சதவீதம் தருவது என்பதை விளக்குகளுக்கும் கேமராவுக்கும் நடுவே முடிவு செய்ய நேர்வது, ஆயத்தமில்லாதவருக்குப் பெரும் சுமை.

உள்ளூர் கேபிள் விளம்பரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டிஷ் வைத்திருக்கும் வீடுகளுக்கு உள்ளூர் சேனல் வராது. எனவே எந்தெந்த ஊராட்சிகளில் எத்தனை இணைப்பு என்று கேபிள்காரரிடம் கேட்டு, அவை தக்காளி விளையும் ஊர்கள்தானா என்று பார்த்துவிட்டுச் சிறிய தொகையில் ஒரு மாதம் முயலலாம். ராயக்கோட்டைக்கு மேற்கிலும் வடக்கிலும் போகப் போகத் தெலுங்கும் கன்னடமும் பேசும் விவசாயக் குடும்பங்கள் மிகுதி. அவர்கள் வீட்டில் ஓடுவது பெரும்பாலும் அந்த மொழிச் சேனல்கள். அவர்களையும் சேர்க்க விரும்பினால், விலைத் திரையை அம்மொழிகளிலும் தருவதற்கு ஆகும் சிறு செலவு, விளம்பரத்துக்குக் கொடுப்பதைவிடப் பயன் தரும்.

திரையிலிருந்து போனுக்கு வரும் வழியை இனிப் பார்க்க வேண்டும். எல்லோரும் கியூஆர் கோடு என்கிறார்கள். பொதுவாக, ஒரு கியூஆர் கோட்டை ஸ்கேன் செய்ய அதன் அகலம் பார்க்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. 10 அடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு ஓர் அடி அகலம் வேண்டும். 32 அங்குல டி.வி.யின் திரை உயரமே 16 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. யாரும் உங்களுக்காகத் திரையின் முக்கால் உயரத்தைத் தரப்போவதில்லை. அதே நிகழ்ச்சியை யூடியூபில் போனில் பார்ப்பவரோ, தம் கையில் உள்ள போனை அந்தப் போனாலேயே ஸ்கேன் செய்ய முடியாமல் திகைப்பார். நம் ஊர்களுக்கு மிஸ்டு கால்தான் ஏற்றது. ஓர் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் செயலியின் இணைப்பு குறுஞ்செய்தியாக வந்துசேரும். இந்தப் பழக்கத்தையே தொழிலாக்கிய பெங்களூருவின் ஜிப்டயல் நிறுவனத்தை 2015இல் டுவிட்டர் விலைக்கு வாங்கியது என்றால் அதன் வலிமையைப் புரிந்துகொள்ளலாம். நினைவில் நிற்கும் எண்ணாகத் தேர்ந்தெடுங்கள். ஆனால் இதை நிகழ்ச்சிக்கு முந்தின நாள் தொடங்க முடியாது. நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்திகளுக்கு அனுப்புநர் பெயரையும் செய்தியின் வடிவத்தையும், 2024 அக்டோபரிலிருந்து அதிலுள்ள இணைப்பையும்கூட, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவை இப்போதே தொடங்கிவிடுங்கள்.

யூடியூபைப் பற்றி ஒன்று சொன்னேன். அதை இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒளிபரப்பு அன்றோடு முடிந்துவிடும். சேனல் தன் யூடியூப் பக்கத்தில் ஏற்றும் காணொளி ஆண்டுக்கணக்கில் தேடுபவர் கண்ணில் படும். அடுத்த முறை தக்காளி விலை ஏறும்போது மக்கள் தேடி வருவதும் அதைத்தான். ஆகவே நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொள்ளும்போதே, காணொளியின் விவரப் பகுதியில் பிளே ஸ்டோர் இணைப்பைச் சேர்க்கும்படி கேளுங்கள். அந்தக் காணொளியை வெட்டி உங்கள் வாட்ஸ்அப் குழுக்களிலும் செயலியின் பக்கத்திலும் பயன்படுத்த விரும்பினால் எழுத்துமூலம் அனுமதி பெறுங்கள். ஒளிபரப்பின் உரிமை அவர்களுடையது. கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். கேட்காமல் எடுத்தால் உங்கள் பக்கமே முடக்கப்படலாம்.

இவ்வளவும் கூடிவந்த பின் செயலி திறக்கவில்லை என்றால் எல்லாம் பாழ். தொலைக்காட்சி கொண்டுவரும் கூட்டம் ஒரே நிமிடத்தில் வரும் கூட்டம். 2022 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் இடையே காயின்பேஸ் நிறுவனம் ஒரு நிமிடம் முழுவதும் கியூஆர் கோட்டை மட்டுமே திரையில் மிதக்கவிட்டது. ஒரு நிமிடத்தில் 2 கோடிக்கும் மேற்பட்ட வருகைகள் வந்ததாக அந்நிறுவனமே தெரிவித்தது. அதன் சேவையைச் சிறிது நேரம் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. உங்களுக்கு அவ்வளவு வராது என்றாலும் உங்கள் சர்வரும் சிறியதுதானே. நல்லவேளையாக, உங்கள் தரவு எல்லோருக்கும் ஒரே மாதிரியானது. ஒருவருக்கு ஒரு விலை, இன்னொருவருக்கு வேறு விலை என்று இல்லை. ஆகவே அன்றைய விலைப் பட்டியலை ஒரே கோப்பாக்கி, சி.டி.என். சேவை (கோப்பின் நகல்களைப் பல இடங்களில் உள்ள சர்வர்களில் வைத்து வழங்கும் சேவை) வழியாக வழங்கும்படி மாற்றியமைக்க உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். ஆயிரம் பேர் சேர்ந்து வந்தாலும் தரவுத்தளத்துக்குச் சுமை ஏறாது.

இப்போது செயலியைத் திறந்ததும் போன் எண் கேட்டு ஓடிபி அனுப்புகிறீர்கள். இருப்பிட அனுமதியும் கேட்கிறீர்கள். இரண்டையும் எடுத்துவிடுங்கள். முதல் திரையிலேயே இன்றைய விலை தெரிய வேண்டும். கூட்டம் மிகும் நேரத்தில் ஓடிபி தாமதமாகும், தாமதமானால் செயலி போலி என்று நினைத்து நீக்கிவிடுவார்கள். விலை பார்க்கப் போன் எண் தேவையில்லை என்னும்போது, அதை வாங்கி வைத்துக் காக்கும் பொறுப்பை ஏன் சுமக்க வேண்டும்? பழைய, நினைவகம் குறைந்த போன்களிலும் ஓடுகிறதா என்று சோதியுங்கள். பயன்படுத்துவோரில் 1.09 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்குச் செயலி நடுவில் நின்றுபோனால், பிளே ஸ்டோரில் அது கண்ணில் படும் வாய்ப்பையே கூகுள் குறைத்துவிடலாம். 28 நாள் சராசரியை வைத்துக் கணக்கிடுவதால், ஓர் இரவில் பட்ட அடி பல நாட்களுக்குத் தொடரும்.

பலனை அளப்பது எளிது. விலையைக் காட்டிய பிறகு, எங்களைப் பற்றி எங்கே தெரிந்துகொண்டீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், டி.வி., தெரிந்தவர் சொன்னது, மண்டி என்று தொட்டுச் சொல்லும்படி வையுங்கள். ‘தெரிந்தவர் சொன்னது’ என்ற எண்ணிக்கை ஒளிபரப்புக்குப் பிறகு கூடினால், அதையும் தொலைக்காட்சியின் கணக்கிலேயே சேர்க்கலாம். எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, 15 நாள் கழித்தும் காலையில் விலை பார்ப்பவர் எத்தனை பேர் என்பதையே அளவாகக் கொள்ளுங்கள். தக்காளி அறுவடை நடக்கும் மாதங்களில் அது நிலைத்து நின்றால் அடுத்த நிகழ்ச்சிக்கு முயலலாம்.

கடைசியாக, யார் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள்தான் பேச வேண்டும். ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் மண்டிகளுக்குப் போன் செய்து விலையைக் கேட்பவர் நீங்கள். எந்தக் கேள்வி வந்தாலும் எழுதி வைத்ததைப் பார்க்காமல் சொல்லக்கூடியவரும் நீங்களே. செந்தமிழில் பேச முயல வேண்டாம், வீட்டில் பேசுவது போலவே பேசுங்கள். உங்கள் கணவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை இருக்கிறது: ஒளிபரப்பு தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கணினி முன் உட்கார்ந்து, சர்வரையும் பிளே ஸ்டோரில் வரும் விமர்சனங்களையும் கவனித்து, குறை சொல்பவர்களுக்கு அன்றிரவே பதில் எழுதுவது. மறுநாள் காலை விலைப் பதிவு மட்டும் எக்காரணம் கொண்டும் தாமதமாகக் கூடாது. புதிதாக வந்தவர்கள் செயலியைத் திறந்து பார்க்கும் முதல் விடியல் அதுதான்.